ஆடித் தள்ளுபடியில் லேசர்: என் வலது கன்னம் சொல்லும் கணக்கு

போன வாரம் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினான். ஆடித் தள்ளுபடி. சேலைக்கு இல்லை, மிக்சிக்கு இல்லை, லேசருக்கு. வெயிலில் கறுத்த முகமா, 6 சிட்டிங் பாதி விலையில், என்று போட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கன்னத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். "அத்தான், நீங்க பண்ணிக்கிட்டியள்லா, போலாமா வேண்டாமா, ஒரு வார்த்தையில சொல்லுங்க" என்று கீழே கேள்வி. ஒரு வார்த்தையில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. வருகிற கார்த்திகையோடு இரண்டு வருஷம் ஆகப்போகிற சங்கதி, அதில் எனக்குத் திருப்தியும் இருக்கிறது, ஆத்திரமும் இருக்கிறது.

வீடு வள்ளியூர், பம்ப்செட் கடை பாளையங்கோட்டை. 11 வருஷமாகத் தினமும் கார்தான், ஒரு தடவைக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. காலையில் வடக்கே போகிறேன், சூரியன் கிழக்கே, அதாவது என் வலது பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்புகிறேன், சூரியன் மேற்கே போய் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் என் வலது பக்கம். நம் ஊர் வண்டியில் டிரைவர் சீட்டும் வலது பக்கம். வேண்டுமென்றே திட்டம் போட்டிருந்தாலும் ஒரு கன்னத்தை இவ்வளவு கச்சிதமாக வாட்டியிருக்க முடியாது. வலது கன்னத்தில் மூன்று பெரிய பழுப்புப் புள்ளிகள், கண்ணுக்குக் கீழே மாட்டுத்தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு, இடது பக்கம் பார்த்தால் பத்து வயசு சின்னப் பையன். பக்கத்துக் கடை அண்ணாச்சிதான் முதலில் சொன்னார்: "என்னவே, ஒரு பக்கம் மட்டும் சுட்ட அப்பளம் மாதிரி இருக்கு?"

ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றித்தானே ஓட்டுகிறோம், வெயில் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில், தோலைச் சிவக்க வைக்கிற யு.வி.பி. கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் நிறுத்திவிடும், யு.வி.ஏ. கதிரில் கணிசமான பங்கு உள்ளே வந்துவிடும். முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவில் பிளாஸ்டிக் படலம், அது யு.வி.ஏ.வையும் ஓரளவு நன்றாகவே தடுக்கும். பக்கவாட்டுக் கண்ணாடி பல வண்டிகளில் வெறும் ஒற்றைக் கண்ணாடிதான். யு.வி.ஏ. சுடாது, அதனால் தெரியாது, ஆனால் தோலின் அடி அடுக்கு வரை இறங்கி, அங்கே தோலைத் தொய்யாமல் பிடித்துவைக்கிற கொலாஜன் என்ற புரதத்தை வெட்டுகிற என்சைம்களைக் கிளப்பிவிடும். கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்றால் 2012-ல் உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே 2012-ல்தான் அமெரிக்காவின் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஒரு லாரி டிரைவர் படம் வந்தது, 69 வயசு, 28 வருஷம் லாரி ஓட்டியவர், முகத்தில் ஒரு பாதி மட்டும் சுருங்கித் தொங்குகிறது. அவருக்கு இடது பக்கம், அங்கே ஸ்டியரிங் அந்தப் பக்கம். டாக்டர் அந்தப் படத்தைப் போனில் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

டாக்டரிடம் போனது இரண்டாவதாகத்தான். முதலில் போனது ஒரு பியூட்டி பார்லர், அதன் பெயரும் வேண்டாம் ஊரும் வேண்டாம். பங்குனி மாதம், கொளுத்துகிற வெயில், நன்றாகக் கறுத்துப்போய் நிற்கிறேன், அந்தப் பிள்ளை என் தோலை ஒரு தடவைகூட உற்றுப் பார்க்காமல் ஜெல்லைத் தடவி ஐ.பி.எல். மெஷினை வைத்து அமுக்கியது. ஐ.பி.எல். லேசரே இல்லை, கேமரா ஃபிளாஷ் மாதிரி பல நிறங்களும் கலந்த ஒளியை ஃபில்டர் வைத்து அனுப்புகிற விளக்கு. வெள்ளைத்தோலில் பழுப்புப் புள்ளி மட்டும்தான் கறுப்பு, ஒளி நேராக அங்கே போகும். என் தோலில் எல்லாமே கறுப்பு, அதுவும் வெயிலில் புதிதாக ஏறிய கறுப்பு வேறு. கேட்க வேண்டுமா, இரண்டே நாளில் கன்னத்தில் பட்டை பட்டையாக, மெஷின் வாயின் செவ்வக அச்சு அப்படியே. டீக்கடையில் "அண்ணாச்சி, அடுப்பு வெடிச்சிட்டா?" என்று கேட்டார்கள். அந்தப் பட்டை மங்க நாலு மாதம் ஆனது. 3,000 ரூபாய் கொடுத்துச் சூடு வாங்கிக்கொண்டேன். பார்லரில் கேட்டால் "சிலருக்கு அப்பிடி ஆகும் சார்" என்று ஒரு பதில். அந்தச் சிலரில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள் என்பதுதான் சங்கடம், மச்சினன் அனுப்பிய நோட்டீசில் வெள்ளைக்காரக் கன்னத்தைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது அதனால்தான்.

பாளையங்கோட்டையில் தோல் டாக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்திருப்பீர்கள். கருங்கல் பொசுக்கும், பக்கத்திலேயே சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கோட்டில் கால் வைத்தால் தாங்கும். வெயில் ஒன்றுதான், வாங்குகிற நிறம் வேறு. லேசரும் அப்படித்தான், எந்த நிறம் அதிகம் வாங்குமோ அதற்கேற்ற ஒளியை அனுப்பினால் அது மட்டும் சூடாகும். அடுத்தது வேகம். கருங்கல்லிலும் ஓடிக் கடந்தால் சுடுவதில்லை இல்லையா? லேசரை ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக அடித்தால், தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் துகள் உடைகிறது, ஆனால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குப் பரவ நேரமே இல்லை. 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு பேர் எழுதிவைத்த தத்துவம் இது, இன்றைக்குத் தோலுக்கு அடிக்கிற பெரும்பாலான லேசருக்கும் அடிப்படை அதுதான். உடைந்த துகளில் கொஞ்சம் பொருக்காக உதிரும், மிச்சத்தை உடம்பின் துப்புரவு செல்கள் மெல்ல அள்ளிக்கொண்டு போகும்.

சரி, நம் நிறத்துக்கு என்ன செய்வது? அலைநீளத்தை, அதாவது அடிக்கிற ஒளியின் நிறத்தை, மாற்றுவது. 532 நானோமீட்டர் பச்சை ஒளியை மெலனின் ஆவலாக வாங்கும், வெள்ளைத்தோலுக்கு நல்லது, நமக்கு மேல்தோலே வாங்கித் தொலைத்துவிடும். 1064 கண்ணுக்கே தெரியாத ஒளி, மெலனின் அதைக் குறைவாகத்தான் வாங்கும், அதனால் மேல்தோலை அதிகம் தொந்தரவு செய்யாமல் ஆழம் போகும். சக்தியைக் குறைத்து, பல தடவையாக அடிக்க வேண்டும். டாக்டர் எனக்கு அதைத்தான் செய்தார், 4 சிட்டிங், ஒவ்வொன்றுக்கும் 4,500. அதையும் உடனே ஆரம்பிக்கவில்லை, முதலில் வெயில் கறுப்பு இறங்கட்டும் என்று கார்த்திகை வரை காக்க வைத்தார், காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்த்து மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போது எரிச்சலாக இருந்தது. பார்லர் அனுபவத்துக்குப் பிறகு அந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டேன்.

வலி பெரிதில்லை, ரப்பர் பேண்டை இழுத்து விட்டமாதிரி ஒன்று ஒன்றாக. தாடி முடி பொசுங்கி, கோழி வாட்டுகிற வாசனை வரும், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புள்ளி வேறு, சொரசொரப்பு வேறு, இதை யாரும் நோட்டீசில் போடுவதில்லை. நிறத்தை எடுத்துவிட்டால் சுருக்கம் போகாது. அதற்கு அடித்தோலைச் சூடாக்கி, உடம்பை ஏமாற்றி, காயம் பட்டுவிட்டது புதுக் கொலாஜன் செய் என்று சொல்ல வேண்டும். யூடியூபில் பார்த்துவிட்டு கார்பன் டை ஆக்சைடு லேசர் அடிங்க டாக்டர் என்று கேட்டேன். அது 10,600 நானோமீட்டர், தோலில் உள்ள தண்ணீர்தான் அதை வாங்கும், நேராக ஆவியாக்கிவிடும். இப்போதெல்லாம் முழுத்தோலையும் உரிக்காமல் நெல் நாற்று நட்டமாதிரி புள்ளி புள்ளியாகத் துளை போட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைக்கிறார்கள், அந்த நல்ல தோல் இருந்துகொண்டு துளையைச் சீக்கிரம் மூடிவிடும். இருந்தாலும் உங்க நிறத்துக்கு ஆறின பிறகு கறுப்பு தங்க வாய்ப்பு இருக்கு, வேண்டாம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். பதிலுக்குச் செய்தது ஆர்.எஃப். ஊசி. மயிரிழை மாதிரி ஊசிகள் உள்ளே இறங்கி, நுனியில் ரேடியோ அலை மின்சாரம் பாயும், சதை அதைத் தடுப்பதால் சூடாகும். மின்சாரம் நிறம் பார்க்காது, கறுப்பா சிவப்பா என்று கேட்காது, நமக்கு அது பெரிய வசதி. 3 சிட்டிங், தலா 9,000. மரத்துப்போகும் கிரீம் தடவியும் நெற்றி எலும்பு ஓரத்தில் வலித்தது, மூன்று நாள் முகம் வீங்கியிருந்தது.

ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. 27,000 போச்சே என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதுக் கொலாஜன் வளர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், விதைத்த மறுநாள் அறுக்க முடியுமா? நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, வழக்கமாகச் சவரம் செய்கிற அண்ணாச்சி கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இப்பம் வலது பக்கமும் கத்தி வழுக்கிக்கிட்டு ஓடுது, என்ன செஞ்சீரு?" இதுவரை கொடுத்த காசுக்கெல்லாம் எனக்குக் கிடைத்த ஒரே ரசீது அதுதான் என்று தோன்றியது. கண்ணாடியும் பொஞ்சாதியும் சொல்லாததைக் கத்தி சொன்னது.

அவளுக்கும் கன்னத்தில் மங்கு உண்டு. நானும் அடிச்சிக்கிடுதேன் என்று ஒருநாள் கூடவே வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு முடியாது என்றார். வெயில் புள்ளி வேறு, மங்கு வேறு, மங்குக்கு லேசர் சூடே வினையாகலாம், போனாலும் திரும்பி வரும், முதலில் கிரீமும் வெயில் தடுப்பும்தான் என்று அனுப்பிவிட்டார். காசு வருகிறதை வேண்டாம் என்று சொன்ன ஆள் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது, அவளுக்குத்தான் கோபம். இன்னொன்றும் சொன்னார், ஏதாவது புள்ளி வடிவம் மாறினால், அரித்து ரத்தம் வந்தால், அதை லேசரில் அழிக்கவே கூடாது, முதலில் டாக்டர் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால், அது தோல் புற்றுநோயாக இருந்தால், நோயின் அடையாளத்தை அழித்துவிட்டு நோயை உள்ளே விட்டமாதிரி ஆகிவிடும்.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். சன்ஸ்கிரீன். லேசரும் ஆர்.எஃப். ஊசியும் சேர்த்து மொத்தம் ஏழே சிட்டிங், ஏழு நாளோடு போச்சு. இந்தக் கிரீம் இரண்டு வருஷமாக என்னை விடவில்லை. ஆள்காட்டி விரல், நடு விரல், இரண்டிலும் நீளத்துக்குப் பிதுக்கி முகத்திலும் கழுத்திலும் போட வேண்டும், பலரும் பட்டாணி அளவு தடவிவிட்டு எஸ்.பி.எஃப். 50 என்று பீற்றிக்கொள்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திரும்பப் போட வேண்டும். 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் தாங்குவதில்லை, ஒன்று 550 ரூபாய், மாதச் சீட்டு கட்டுகிறமாதிரி கட்டுகிறேன். நாங்குநேரி டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது வேர்வையோடு கரைந்து கண்ணுக்குள் இறங்கும் பாருங்கள், மிளகாய்ப் பொடி தோற்றது. சட்டைக் காலரெல்லாம் மஞ்சள். ஆரம்பத்தில் வாங்கியது முகத்தில் சாம்பல் பூசியமாதிரி நின்றது, ஒரு கல்யாண வீட்டில் எதிர்வீட்டு ஆச்சி "ஏல, மூஞ்சில மாவு ஒட்டிருக்கு, தொட" என்று முந்தானையாலேயே துடைத்துவிட்டார்கள். அப்புறம்தான் தோல் நிறத்தில் வருவதற்கு மாறினேன், அதில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், நம் மாதிரி நிறத்துக்கு அந்த வெளிச்சமே கறுப்பை ஏற்றும்.

போடாவிட்டால் என்ன ஆகும்? அதையும் பார்த்தாயிற்று. இந்தச் சித்திரையில் கடையில் வேலை அதிகம், கிரீமாவது ஒன்றாவது என்று ஒரு மாதம் விட்டேன். மூன்று புள்ளியில் இரண்டு போன இடம் தெரியவில்லை, மூன்றாவது மட்டும் பழைய கடன்காரன் மாதிரி வாசலில் வந்து எட்டிப் பார்த்தது. இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், வலது கைக்கு நான் லேசர் எதுவும் அடிக்கவில்லை, கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் போடுகிற, கை முழுக்க மூடுகிற உறை ஒன்றை 120 ரூபாய்க்கு வாங்கிக் காரில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அந்தக் கை தானாகவே பாதி வெளுத்துவிட்டது. லேசர் பழைய கணக்கைத்தான் தீர்க்கும், புதுக் கணக்கு தினமும் காலை எட்டு மணிக்கு வள்ளியூரில் தொடங்கிவிடுகிறது. 48,000 செலவழித்த பிறகு இது புரிந்து என்ன பிரயோஜனம்.

மச்சினனுக்கு இப்படிச் சொன்னேன். ஆடியில் போகாதே. குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கேயும் குளிர்ச்சி என்று நினைக்காதே, நமக்குக் காற்று மட்டும்தான், அந்தக் காற்றில் வெயில் உறைக்காது, ஆனால் கறுக்கும். பார்லர் வாசலையே மிதிக்காதே. எந்த மெஷின், என்ன அலைநீளம், என் நிறத்தில் எத்தனை பேருக்கு அடித்திருக்கிறீர்கள் என்று கேள், முழித்தால் எழுந்து வந்துவிடு. பாதி விலை என்பதற்காக முகத்தைக் கொடுக்காதே. மொத்தத்தில் இது வேண்டாத வேலை, இருக்கிற முகத்தோடு இரு.

"அப்பம் நீங்க அடுத்து எப்பம் போறீய?" என்று கேட்டான்.

கார்த்திகையில், மழை பிடித்ததும், அந்த மூன்றாவது புள்ளிக்கு ஒரு சிட்டிங் சொல்லி வைத்திருக்கிறேன். அவனும் வரட்டும், டாக்டரிடம் காட்டட்டும், பெட்ரோல் மிச்சம். போகும்போது நான் ஓட்டுகிறேன். சாயங்காலம் திரும்பும்போது வெயில் அடித்தால் வண்டியை அவன் ஓட்டட்டும்.