பூட்டிய ஜிப் கோப்பைத் திறந்து கொடுத்த ஜான் த ரிப்பர்

அப்பா 2009-இல் பாட்டியின் தோட்டத்துப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே ஜிப் கோப்பாகப் போட்டு பாஸ்வேர்டு வைத்திருந்தார். அவர் தவறிய பிறகு அது யாருக்கும் தெரியவில்லை. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் கேட்டேன், ஹார்ட் டிஸ்க்கையே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், முன்பணம் 300 ரிங்கிட், திறக்காவிட்டாலும் திரும்பாது. குடும்பப் படங்களை அப்படி விட்டு வர எனக்கு மனமில்லை.

அப்புறம்தான் ஜான் த ரிப்பரை இறக்கினேன். மறந்த பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க 1996 முதல் இருக்கிற இலவச மென்பொருள். இதன் ஜம்போ பதிப்பை எடுக்க வேண்டும், அதில்தான் 'ஜிப்-டு-ஜான்' என்ற சின்ன நிரல் இருக்கிறது. பாஸ்வேர்டைச் சோதிக்கத் தேவையான பகுதியை மட்டும் அது கோப்பிலிருந்து பிரித்து எடுக்கும், பிறகு ஜான் நம் பட்டியலில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். எல்லாம் வீட்டு லேப்டாப்பிலேயே நடக்கிறது, எதையும் எங்கும் ஏற்ற வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் பட்டியலை நாம்தான் கொடுக்க வேண்டும். அப்பா எப்போதும் ஒரு பெயரும் ஒரு வருடமும் சேர்த்துத்தான் வைப்பார், அதனால் வீட்டுப் பெயர்களை நான் எழுதுகிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதி ஓட்டினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. செந்தூலில் இருக்கும் அத்தையிடம் சொன்னபோது பாட்டியின் பழைய ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக் காட்டினார். நாம் லட்சுமி என்று சொல்வதை அதில் எல், இ, டி, சி, எச், யு, எம், ஒய் என்று பதிந்திருக்கிறார்கள்! நம் மலேசியாவில் பழைய பதிவுகளில் தமிழ்ப் பெயர்கள் இப்படித்தானே இருக்கின்றன. உடனே எல்லாப் பெயர்களுக்கும் அந்த மாதிரி எழுத்துக்கூட்டல் சேர்த்தேன். மொத்தம் 40, ஒவ்வொன்றையும் சிறிய எழுத்தில், பெரிய எழுத்தில், முதலெழுத்து மட்டும் பெரிதாக என 3 விதம், 1930 முதல் 2010 வரை 81 வருடம், ஆக 9,720 சொற்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாஸ்வேர்டு கிடைத்துவிட்டது.

குறையும் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகாதவர்களுக்கு முதல் நாள் கஷ்டம்தான். ஆன்டிவைரஸ் சில நேரம் இதைத் தடுக்கும், அதிகாரபூர்வ தளத்தில் இறக்கியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த பிறகு மறுபடி ஓட்டினால் இனி உடைக்க எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும், நான் பயந்துபோனேன், 'ஷோ' கட்டளை கொடுத்தால் பழைய விடையைக் காட்டும். மழை இடியில் கரண்ட் போனால் 'ரிஸ்டோர்' கொடுத்துத் தொடரலாம்.

உங்கள் கோப்பு 7இசட் வகை என்றால் பட்டியலை இன்னும் சுருக்கமாக வையுங்கள், அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் 5,24,288 சுற்றுக் கணக்கு ஓட வேண்டும், ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டிய ஜிப்பில் அது 1,000 சுற்றுதான். எந்த நினைவும் இல்லாமல் கண்டபடி தட்டி வைத்த நீளமான பாஸ்வேர்டு என்றால் இதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம், யாருக்கும் காசும் கொடுக்க வேண்டாம்.

பாட்டி பால்மரம் வெட்டும் (ரப்பர் மரத்தில் பால் எடுக்கும்) படத்தை அன்று இரவே அத்தைக்கு அனுப்பினேன்.