ஈசிசேரில் சாய்ந்து விளையாட எது வசதி? பிரியும் கன்ட்ரோலர்கள், ஓர் ஒப்பீடு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் தாத்தா காலத்து ஈசிசேர் ஒன்று இருக்கிறது. நீளமான, அகலமான மரக்கைகள். பகலெல்லாம் கம்ப்யூட்டரில் கணக்கு வேலை பார்த்துவிட்டு, ராத்திரி அதில் சாய்ந்து ஒரு மணி நேரம் வீடியோ கேம் விளையாடினால்தான் எனக்கு அன்றைய நாள் முடியும். வழக்கமான கன்ட்ரோலரைப் பிடித்தால் இரண்டு கையும் மடியில் வந்து சேர வேண்டும். தோள் உள்ளே குறுகி, அரை மணியில் கழுத்து இறுகிவிடும். இரண்டாகப் பிரியும் கன்ட்ரோலரில் அந்தத் தொல்லை இல்லை; வலது கை வலது மரக்கையில், இடது கை இடது மரக்கையில், அதது பாட்டுக்குக் கிடக்கும்.

இந்த வகையில் முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2017 மார்ச்சில் ஸ்விட்ச் என்ற கேம் கருவியோடு வந்த நிண்டெண்டோ ஜாய்கான். இரண்டும் சேர்ந்தே ஏறக்குறைய 100 கிராம்தான். ஒவ்வொன்றிலும் 525 எம்ஏஎச் பேட்டரி; முழு சார்ஜில் சுமார் 20 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். பிரித்துப் பிடித்தால் கையில் ஏதோ இருக்கிறது என்பதே மறந்துபோகும். கை திரும்புவதை உணரும் இதன் ஜைரோவும் அருமை: வலது மணிக்கட்டை மட்டும் லேசாகத் திருப்பிக் குறி பார்க்கலாம், இடது கை அசையவே வேண்டாம்.

ஆனால் அளவு சிறியது. நீளம் 10 சென்டிமீட்டர்தான். உள்ளங்கையில் அமராமல் விரல்நுனியில் தொங்கும். பெரிய கைக்காரர்களுக்கு சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடிக்க இடமின்றி மடங்கியே இருக்கும். அப்புறம் சுட்டுவிரலால் அழுத்தும் ட்ரிகர். அது வெறும் பட்டன், பாதி அழுத்தம் என்பதே கிடையாது. கார் ஓட்டும் விளையாட்டில் ஆக்சிலரேட்டர் ஒன்று முழுசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக், தொடாமலே தானாக நகர்ந்ததுபோல் காட்டும் டிரிஃப்ட் பிரச்சினை பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிண்டெண்டோ தலைவர் ஃபுருகாவா 2020-இல் அதனால் வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மன்னிப்பே கேட்டார். காரணம் எளிது. ஸ்டிக்குக்கு உள்ளே ஒரு கார்பன் பட்டை, அதன்மேல் ஓர் உலோக முனை உரசிக்கொண்டே இருக்கிறது. உரசி உரசிப் பட்டை தேயும், தூசியும் சேரும். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசலே இல்லை. காந்தம் நகர்வதைச் சென்சார் எட்ட இருந்தே உணர்கிறது. அறுவடை நாளில் களத்துத் தூசி ஜன்னல் வழியே வந்து மேசையெல்லாம் படியும் எங்கள் மாதிரி வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

அதனால்தான் நிக்ஸி ஹைப்பீரியன் ப்ரோ போன்ற வேற்று நிறுவனப் பிரியும் கன்ட்ரோலர்களைப் பார்க்கத் தொடங்கினேன். உள்ளங்கையை நிரப்பும் பெரிய பிடி, ஹால் ஸ்டிக், ஜைரோ, பின்பக்கம் கூடுதல் பட்டன். ஸ்விட்சின் இரு பக்கமும் மாட்டிக் கையிலும் விளையாடலாம், கழற்றிக் கம்பியில்லாமலும் விளையாடலாம். எடை கூடுதல்தான், ஆனால் மரக்கைமேல் வைத்திருக்கும்போது எடையா தெரியும்? பிடியின் வளைவுதான் தெரியும். அதிர்வு மட்டும் ஜாய்கானில் இருக்கும் நுணுக்கத்தோடு இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹோரி ஸ்ப்ளிட் பேட் ப்ரோவும் பார்க்க இதே மாதிரி இருக்கும், பிடியும் அருமையாக இருக்கும். ஆனால் அதில் பேட்டரி கிடையாது, புளூடூத் கிடையாது, ஜைரோவும் அதிர்வும் கிடையாது. ஸ்விட்சில் மாட்டியிருந்தால்தான் வேலை செய்யும். கழற்றினால் வெறும் பிளாஸ்டிக். பஸ்ஸிலும் ரயிலிலும் கையில் வைத்தே விளையாடுகிறவருக்கு நல்ல பொருள், நம் தேவைக்கு ஆகாது. இன்னொன்று: ஸ்விட்சின் பக்கவாட்டுத் தண்டவாளத்தில் சறுக்கி மாட்டும் இந்தப் பழைய வகை எதையும் 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல் மாட்ட முடியாது, அதில் காந்தப் பிடிப்பு.

லெனோவோ லீஜன் கோ வேறு வழி. கம்ப்யூட்டரே கையடக்கமாக வருகிறது, 8.8 அங்குலத் திரையோடு. கன்ட்ரோலர்களைச் சேர்த்தால் 854 கிராம். படுத்துக்கொண்டு தூக்கிப் பிடித்தால் கை சீக்கிரமே வலிக்கும். ஆனால் பின்கால் இருக்கிறது. முன்னால் ஸ்டூலில் நிறுத்திவிட்டு இரண்டு பக்கத்தையும் கழற்றிக்கொண்டால் அந்த எடை நம்முடையது இல்லை. ஹால் ஸ்டிக்கும் உண்டு. வலது பாதியை நிறுத்தி வைத்து மவுஸ் மாதிரி நகர்த்தவும் செய்யலாம், சுடும் விளையாட்டுகளுக்கு அது நன்றாக உதவும். கன்ட்ரோலருக்காக மட்டும் யாரும் இதை வாங்க மாட்டார்கள், சரி. கம்ப்யூட்டரும் வாங்க வேண்டியிருந்தால் யோசிக்கலாம்.

கம்ப்யூட்டரோடு இணைப்பதில் இப்போது அவ்வளவு தலைவலி இல்லை. கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி விளையாட உதவும் ஸ்டீம் மென்பொருள் 2022-இலிருந்து ஜாய்கான் ஜோடியை ஒரே கன்ட்ரோலராக ஏற்றுக்கொள்கிறது. ஏ-பி, எக்ஸ்-ஒய் பட்டன்கள் இடம் மாறியிருக்கும். அதைச் சரிசெய்ய அமைப்பிலேயே வழி உண்டு. இணைப்பு விட்டுவிட்டுப் போனால் கன்ட்ரோலரைக் குறை சொல்வதற்கு முன் புளூடூத் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 துளைகளிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் வரும், புளூடூத்தும் அங்கேதான் ஓடுகிறது. ஒரு சின்ன நீட்டிப்பு வயரில் டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்த அன்றோடு எனக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது.

சார்ஜையும் யோசியுங்கள். ஜாய்கான் ஸ்விட்சில் மாட்டினால்தான் சார்ஜ் ஏறும். ஸ்விட்ச் இல்லாதவர், இரண்டு பாதியையும் மாட்டி வைக்கும் பிடியான சார்ஜிங் கிரிப்பைத் தனியாக வாங்க வேண்டும். பெட்டியோடு வரும் சாதாரண கிரிப் சார்ஜ் செய்யாது.

ஒருமுறை ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த, பெயரே இல்லாத ஒரு ஜோடி வாங்கினேன். இடது பாதி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூங்கிப்போகும். திருப்பி அனுப்பப் பட்ட பாட்டில், திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு எத்தனை நாள் என்று பார்க்காமல் இப்போது எதையும் வாங்குவதில்லை.

தனியாக, நீண்ட நேரம், கம்ப்யூட்டரிலும் ஸ்விட்சிலும் விளையாடுகிறவருக்கு என் ஓட்டு பெரிய பிடி, ஹால் ஸ்டிக் உள்ள கம்பியில்லா ஜோடிக்குத்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஜாய்கான். லீவுக்கு வரும் அக்கா மகன் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, எனக்கு ஒரு பாதி" என்று கை நீட்டுவான். குறுக்கே பிடித்தால் ஒவ்வொரு பாதியும் ஒரு தனி கன்ட்ரோலர். என் கைக்குச் சிறிதாக இருப்பது அவன் கைக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கிறது.