நகராட்சிச் சேவை: கவுன்டர் தேறிவிட்டது, மன்றக் கூடம் இன்னும் தேறவில்லை

உணவகங்களையும் கைபேசிகளையும் மதிப்பிட்டுப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், அரையாண்டுக்கு ஒரு முறை பணம் கட்டிப் பெறுகிற நகராட்சிச் சேவையைப் பற்றி அந்த முறையில் எழுதுவது அரிது. பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்ற வசதி இதில் இல்லை. நகராட்சி என்றாலே குறை சொல்வதைத் தவிர வேறு பேச்சு கிடையாது என்பதும் பழகிப்போய்விட்டது. வரி செலுத்துகிற, மனு கொடுக்கிற, நகர்மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் பக்கத்தில் அமர்ந்து கவனிக்கிற ஒரு குடியிருப்பாளர் என்ற முறையில், தமிழ்நாட்டின் நடுத்தர நகராட்சி ஒன்றின் அன்றாட வேலைகளை இங்கே மதிப்பிடுகிறேன். ஊரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்த 138 நகராட்சிகளில் பலவற்றுக்கும் இதில் உள்ளவை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

பாராட்ட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுவதும் சான்றிதழ் பெறுவதும் முன்பு இருந்ததைவிட மிக எளிதாகிவிட்டன. சொத்து வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி ஆகியவற்றை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மாநில அரசின் பொது இணையதளத்தில் வீட்டிலிருந்தே செலுத்தலாம். ரசீது அப்போதே கிடைத்துவிடுகிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் அரையாண்டுகளின் முதல் முப்பது நாளுக்குள் சொத்து வரியைக் கட்டுவோருக்கு 5 விழுக்காடு, உச்ச அளவாக 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையும் உண்டு. பழைய வரி விதிப்பு எண்ணை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வரும் முதியவர்களிடம் பெயரையும் தெருவையும் கேட்டுப் பொறுமையாகக் கணினியில் தேடிக் கொடுக்கிற கவுன்டர் ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமைக்கு எந்த இணையதளமும் ஈடாகாது.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களும் அப்படியே. பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. பதிவான சான்றிதழை இணையத்தில் இலவசமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் 2023இல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அந்தத் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்றாகிவிட்டதால், அதில் நேரும் ஓர் எழுத்துப் பிழையின் விலை முன்பைவிடக் கூடியிருக்கிறது. மருத்துவமனையில் நடக்கும் பிரசவத்துக்கு மருத்துவமனைதான் தகவல் அனுப்ப வேண்டும். அங்கே எழுதிக் கொடுத்த பெயர்தான் நகராட்சிப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆகவே பெற்றோர் பெயரின் எழுத்துகளை மருத்துவமனையிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது. பின்னர் திருத்தம் கோரி அலைவதில், சான்றிதழ் பெறுவதில் இருக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

கட்டட அனுமதியைப் பொறுத்தவரை, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை உண்மையிலேயே பயனுள்ளது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட வீடு கட்டுவோர் முன்கூட்டிய தள ஆய்வு இல்லாமலேயே, கட்டணம் செலுத்தி உடனடி அனுமதி பெறலாம். வீட்டை வாங்கிய பிறகு வரி விதிப்பில் பெயர் மாற்றுவது மட்டும் இன்னும் பழைய பாதையிலேயே போகிறது. பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் பாக்கியில்லா ரசீதும் இணைத்து இணையத்திலேயே விண்ணப்பித்தாலும், ஊர்மக்கள் இன்றும் பில் கலெக்டர் என்றே அழைக்கும் வருவாய் உதவியாளர் வீட்டுக்கு வந்து பார்க்காமல் கோப்பு நகர்வதில்லை. அவர் எப்போது வருவார் என்பதைச் சொல்ல எந்தத் திரையும் இல்லை.

பணத்தைப் பெறுவதில் இருக்கும் இந்தத் துல்லியம் குறை தீர்ப்பதில் இல்லை. குடிநீர்க் குழாய் உடைந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ ஆள் வந்துவிடுகிறது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் குரல் எழுப்புவதுதான் அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. ஒரு வீட்டுக்கு முன்னால் மட்டும் எரியாத தெருவிளக்கு வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். வடிகாலில் அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதும், அதை ஏற்றிச் செல்ல வண்டி வருவதற்குள் மழை பெய்து மண் மறுபடி வடிகாலுக்கே திரும்புவதும் இன்னும் தொடர்கின்றன. முதலமைச்சரின் உதவி எண்ணான 1100க்குப் புகார் சொன்னால், அது கடைசியில் நாம் முதலில் சென்ற அதே அலுவலகத்தின் அதே மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி மட்டும் சில நேரம் நடவடிக்கையை முந்திக்கொண்டு வந்துவிடும்.

இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது அடுத்து வரும் பகுதிதான். நகர்மன்றம் பொதுவாக மாதம் ஒரு முறை கூடுகிறது. கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்கு அச்சிட்ட மன்றப் பொருள் அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, விவரம் எழுதி, செலவுத் தொகையையும் எந்த நிதியிலிருந்து என்பதையும் குறிப்பிட்டு, மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது என்று முடித்திருப்பார்கள். அதன் கீழே, மன்றம் அனுமதிக்கலாம் என்ற அலுவலகக் குறிப்பு இருக்கும். நீரேற்று நிலைய மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் கொள்முதல், பேருந்து நிலையக் கடைகளின் குத்தகை, கட்டணக் கழிப்பிட ஏலம், தனியார் நிறுவனம் வழியாகத் தூய்மைப் பணியாளர்களை அமர்த்துவது என ஊரின் ஒரு மாத வாழ்க்கை முழுவதும் அந்தத் தாள்களில் இருக்கிறது. ஊரைப் பற்றி எழுதப்படுபவற்றில் இவ்வளவு நேர்மையான ஓர் ஆவணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அது உறுப்பினர்களின் கையோடு நின்றுவிடுகிறது.

கூட்டம் தொடங்கியதும் நடப்பது வேறு. உறுப்பினர்கள் தத்தம் வார்டின் குறைகளை எடுத்துச் சொல்லத் தொடங்குகிறார்கள்: எந்தத் தெருவில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, எந்தப் பள்ளிக்கு முன்னால் குப்பை தேங்குகிறது, எந்த முனையில் நாய்கள் துரத்துகின்றன. இது வீண் பேச்சு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆணையரையும் பொறியாளரையும் சுகாதார ஆய்வாளரையும் ஒரே அறையில் வைத்து ஒரு தெருவின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்க வேறு இடமே கிடையாது. உறுப்பினர் இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதன் பலனை இந்தப் பகுதியில்தான் பார்க்கலாம். குடிநீர் பற்றிய கூர்மையான கேள்விகளை நான் கேட்டவரை பெண் உறுப்பினர்களே எழுப்பினார்கள். நாய்களைப் பிடித்து ஊருக்கு வெளியே விடச் சொல்லும் உறுப்பினரிடம், கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டு விதிகளின் பொது நெறி என்று அலுவலர் விளக்க வேண்டியிருக்கிறது. கருத்தடை மையம் ஆண்டுக்கு எத்தனை நாய்களைக் கையாளுகிறது என்ற அடுத்த கேள்வி எழுந்திருந்தால் அந்த விவாதம் பயன்பட்டிருக்கும்.

குறைகளுக்கு நேரம் போய்விடுவதால், பணம் செலவாகும் பொருள்களுக்கு நேரம் இருப்பதில்லை. எண்களை மட்டும் வேகமாக வாசித்து, அனைத்துப் பொருள்களும் நிறைவேற்றப்பட்டன என்று முடித்துவிடுகிறார்கள். தலைவரின் முன் அனுமதியோடு ஏற்கெனவே செய்து முடித்த அவசரப் பணிகள் மன்றத்தின் ஒப்புதலுக்கு வரும்போது, அந்த அவசரம் என்ன என்று கேட்பவர்கள் ஓரிருவரே. பேருந்து நிலையக் கடைகள் ஏலம் போகாமல் மீண்டும் மீண்டும் மறுஏலத்துக்கு வருவது நகராட்சியின் சொந்த வருவாயைத் தின்னும் பிரச்சினை. வாடகை நிர்ணயம் சந்தை நிலவரத்துக்கு மேலே இருக்கிறதா, கடைகளின் நிலை மோசமாக இருக்கிறதா என்று ஒரு வரியாவது விவாதம் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை.

மன்றம் தானாகத் தீர்மானிப்பவை எத்தனை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் முன் அடுத்த மாதமே வந்த பெரிய பொருள் சொத்து வரி உயர்வு. நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்ற அளவுகளை மாநில அரசே அறிவித்துவிட்டது. பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்தைப் பெற வரிச் சீரமைப்பு நிபந்தனையாக இருந்ததால், தீர்மானத்தை நிறைவேற்றுவதைத் தவிர மன்றங்களுக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. வீட்டு வாசலில் கோபத்தைச் சந்தித்தவர்களோ வார்டு உறுப்பினர்கள். நியாயமாகப் பார்த்தால், நம் கவுன்சிலர்கள் வாங்கும் திட்டில் ஒரு பகுதி கோட்டையில் இருப்பவர்களுக்கு உரியது.

அப்படியானால் மன்றம் இல்லாமலேயே ஓட்டிவிடலாமே என்று நினைப்பவர்கள், 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தனி அலுவலர்கள் நிர்வாகம் நடத்திய காலத்தை எண்ணிப் பார்க்கலாம். கவுன்டர் அப்போதும் இயங்கியது, வரியும் வசூலானது. தெருவிளக்குக்காகவும் குழாய்க்காகவும் போய்ப் பார்க்க வார்டுக்கென்று ஒருவர் மட்டும் இல்லை. நகராட்சி அலுவலகத்துக்கும் நகர்மன்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஆண்டுகள்தான் எனக்குத் தெளிவாகக் காட்டின.

இந்தச் சேவையில் மிகுந்த வாய்ப்புள்ளதும், மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் பகுதி சபைதான். ஊராட்சிகளின் கிராம சபையைப் போல நகர்ப்புறத்திலும் ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து மக்களை நேரடியாகக் கூட்டும் இந்த ஏற்பாடு, உள்ளாட்சி தினமான 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுவதும் தொடங்கியது. எங்கள் பகுதியில் கூட்டம் நடக்கும் செய்தி கூட்டம் முடிந்த பிறகுதான் பலரையும் எட்டுகிறது. அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகிறதே தவிர, தெருமுனைக்கு வருவதில்லை. வருகிற சிலரும் பொதுவாகப் பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணிலிருந்து எதுவரை, என்ன பணி வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கியவர்களின் கோரிக்கைகள்தான் பின்னர் மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரின் மேசை வரை போனதைக் கண்டேன். பலன் நிச்சயம் என்று உறுதி கூற முடியாவிட்டாலும், பெரிய முகாம்களில் வரிசையில் நின்று மனு கொடுப்பதைவிட இது சொந்தத் தெருவுக்கு நெருக்கமான வழி.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக: பணம் கட்டுவதற்கும் சான்றிதழுக்கும் ஐந்துக்கு நான்கு, குறை தீர்ப்பதற்கு இரண்டு, மன்றம் எடுக்கும் முடிவுகளை மக்களுக்குத் தெரிவிப்பதற்கு ஒன்று. அந்த ஒன்றும்கூடப் பார்வையாளராக அமர்வதை யாரும் தடுக்கவில்லை என்பதற்காகத்தான். முடிவுகளைத் தாமாகவே வெளியிட வேண்டிய கடமை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவிலேயே பொது அமைப்புகளுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. நடைமுறையில், ஒரு தீர்மானத்தின் நகல் வேண்டுமென்றால் அதே சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதி, முப்பது நாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. மாதந்தோறும் தட்டச்சாகித் தயாராகவே இருக்கும் அந்தத் தாள்களை, வரி ரசீது தருகிற அதே இணையதளத்தில் ஏற்றிவிட்டால் அந்த மனுவுக்கே தேவை இருக்காது.