கன்னுக்குட்டி பால்பவுடர்னு சோயா மாவைத் தள்ளிட்டாங்க, 9,200 ரூபாய் போச்சு

பாலக்காட்டு எல்லையில கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பாலை சொசைட்டிக்கு ஊத்திட்டு கன்னுக்குப் பவுடர் கரைச்சுக் குடுக்கறவங்க இதைப் படிச்சிருங்க. தீவனமும் மாட்டு மருந்தும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. 25 கிலோ மூட்டை 4,600. ரெண்டு மூட்டை, 9,200 ரூபாய்.

பணம் போடறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டாச்சு, புரதம் எதுல இருந்துன்னு. "முழுக்கப் பால் புரதம்ங்க. ஸ்கிம் மில்க்கும் வே பவுடரும் (பால் திரியறப்ப பிரியற தண்ணியைக் காய வெச்ச பவுடர்)தான். பத்து நாள் கன்னுக்கே தாராளமா குடுங்க"ன்னு கடைக்காரன் அடிச்சுச் சொன்னான். லேபிள் போட்டோவும் வந்துச்சு: புரதம் 22%, கொழுப்பு 16%. நார்ச்சத்து வரி மட்டும் போட்டோவுல இல்ல. மூட்டை வந்து இறங்கினப்புறம் பாத்தா அந்த வரியில 2%!

பால்ல ஏதுங்க நாரு? பால் புரதம் மட்டும் போட்ட பவுடர்னா 0.2%-க்குள்ள நிக்கும். 2% வந்தா உள்ள இருக்கறது தாவரப் புரதம். அந்த 22%-ஐ நம்பவும் முடியாது. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்கிப் போடற கணக்கு அது. பாலா சோயாவான்னு அதுக்குத் தெரியாது.

சோயாவையே குத்தம் சொல்லல. நல்லா சுத்திகரிச்ச சோயா கான்சன்ட்ரேட்டை (சோயால இருந்து புரதத்தை மட்டும் செறிவாக்கினது), மூணு வாரம் தாண்டின கன்னுக்கு, பால் புரதத்துல ஒரு பங்குக்குப் பதிலா தரலாம். சரியா வேகாத மாவுல, புரதத்தைச் செரிக்க வைக்கற டிரிப்சின்ங்கற நொதியைத் தடுக்கற பொருள் அப்படியே இருக்கும். குடலை உறுத்தற புரதமும் இருக்கும். பிஞ்சுக் கன்னுக்கு அது செரிக்காது, கழிச்சல்தான். இங்கயும் அதேதான்: முதல்ல களிமண் மாதிரி, அப்புறம் வெறும் தண்ணி.

ஒரு லிட்டர் வெந்நீர்ல 125 கிராம் கரைச்சு கால் மணி நேரம் வெச்சதுல, டம்ளர் அடியில ஒரு விரற்கடை மஞ்ச வண்டல். விரல்ல தேச்சா நறநறங்குது. ஆறினதும் டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டா கருநீலம், மாவுச்சத்து இருந்தாத்தான் அப்படி ஆகும். சோயால மாவுச்சத்து ரொம்பக் கம்மி, அப்படின்னா மக்காச்சோளமோ கோதுமையோ வேற கலந்திருக்கான். அதுவும் பிஞ்சுக் கன்னுக்கு செரிக்காது.

கேட்டா, "தண்ணி சூடு பத்தலைங்க." அடுத்த தடவை, "குடற்புழுவா இருக்கும், டாக்டர்கிட்டக் காட்டுங்க." அப்புறம், "பிரிச்ச மூட்டையைத் திருப்பி எடுக்க மாட்டோம்." கடைசியா, "பில்லு தமிழ்நாட்டுது, கேரளாக்காரங்க இங்க கேஸ் போட முடியாது." சுத்தப் பொய்ங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பதியலாம். இப்ப நம்பரையும் பிளாக் பண்ணிட்டான். 9,200 ரூபாய்!

பொறுமையா எழுத இப்ப நேரமில்ல, இதை மட்டும் கேளுங்க. நார்ச்சத்து வரி தெரியற போட்டோ இல்லாம பணம் போடாதீங்க. வே பவுடர் நல்லதுதான், ஆனா உறைமருந்து (ரென்னெட்) விட்டாலும் பால் மாதிரி உறையாது. அதனால திரியலன்னு மட்டும் வெச்சு ஒதுக்கிடாதீங்க, வண்டலைப் பாருங்க. மூட்டையைப் பிரிக்கறப்பவே வீடியோ எடுங்க. கழிச்சல் கண்டா பவுடரை நிறுத்திட்டுத் தாய்ப்பாலும் உப்பு சர்க்கரைக் கரைசலும் தனித்தனி நேரத்துல குடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. பேட்ச் நம்பர் இல்லாத மூட்டையை வண்டியில இருந்து இறக்கவே விடாதீங்க.