தரியாகஞ்ச் பைண்டிங் கடை: அப்பாவின் மூன்று டைரிகள்

டெல்லியில் பழைய டைரி, கடிதக்கட்டு, கையெழுத்து நோட்டு வைத்திருக்கும் தமிழர்கள் நம்பிக் கொடுக்கக்கூடிய கடை ஒன்று இருக்கிறது. தரியாகஞ்சில், நேதாஜி சுபாஷ் மார்க்குக்குப் பின்னால் உள்ள சந்து. பெயர்ப்பலகை கிடையாது. பைண்டர் பெரியவர் என்று கேட்டால் காட்டுவார்கள்.

நான் கொடுத்தவை அப்பாவின் 1975, 1976, 1977 டைரிகள். அப்பா மத்திய அரசு ஸ்டெனோகிராபர். அப்போது சாஸ்திரி பவனில், தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் வேலை. தினமும் நான்கைந்து வரிதான் எழுதுவார். இந்திரா காந்தி அரசு நெருக்கடிநிலை அறிவித்த மறுநாள், 1975 ஜூன் 26, வியாழக்கிழமை: எக்ஸ்பிரஸ் பேப்பர் வரவில்லை, ரேடியோவில் பிரதமர் பேச்சு, வழக்கம்போல் ஆபீஸ், கீழே பால் கணக்கு. முந்தைய இரவு பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் பத்திரிகை அச்சகங்களின் மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள் என்பது அந்த வரிகளில் இல்லை. அவருக்கு அப்போது தெரியவும் தெரியாது. சில நாட்களிலேயே அப்பாவின் அமைச்சகத்தில் அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் மாற்றப்பட்டு வி.சி. சுக்லா அமைச்சராக வந்தார். அதன்பிறகு வீடு திரும்பிய நேரம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தள்ளிக்கொண்டே போகிறது.

1976இல் அப்பாவுக்கு ஐம்பது வயது. பொதுநலன் கருதி என்று ஒரு வரி எழுதி, சில பிரிவு ஊழியர்களை அந்த வயதிலேயே கட்டாய ஓய்வில் வீட்டுக்கு அனுப்ப, மத்திய அரசுப் பணிக்கான அடிப்படை விதி 56(ஜெ) இடம் கொடுத்தது. யார் யாருக்கு ஆணை வந்தது என்பதை முதலெழுத்து மட்டும் போட்டுக் குறித்திருக்கிறார். முழுப் பெயரை வீட்டு டைரியில்கூட எழுதத் துணியவில்லை. நாங்கள் மூன்று பிள்ளைகள், எல்லோரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஏன் அந்த இரண்டு வருடம் சாப்பாட்டுத் தட்டின் முன் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பது இந்த முதலெழுத்துகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இப்படிப்பட்ட தாளை யார் கையில் கொடுப்பது? முதலில் கேட்ட வேறொரு கடையில், எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்றார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி எடுக்க முடியாது, உள்ளே தாளும் கெடும்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அதனாலேயே தையலைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டார். ஆபீஸ் குண்டூசிகள் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தன. இழுக்கவில்லை, மெல்லிய மூங்கில் பட்டையை அடியில் நுழைத்து, ஊசியின் இரு முனையையும் சிறிது சிறிதாகத் தூக்கி எடுத்தார். துருக்கறை அப்படியே இருக்கிறது, தாள் கிழியவில்லை. பழைய பேனா மை ஈரம் பட்டால் பரவும் என்று ஓரங்களில் மட்டும் மைதாப் பசையைத் தொட்டு மெல்லிய டிஷ்யூ ஒட்டினார். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்க்கிறார். இடையில் செருகியிருந்த சுருக்கெழுத்துச் சீட்டுகளுக்கு அட்டையின் உட்புறம் தனியாக ஒரு பை வைத்துக் கொடுத்தார்.

1976 டைரியில் ஓரிடத்தில் இரண்டு வரியை அப்பா மையால் பூசி மறைத்திருக்கிறார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் அழுத்தம் தெரிகிறது, படித்துவிடலாம் என்று பெரியவர் சொன்னார். ஆனால் விளக்கை எடுப்பதற்கு முன், "வேண்டுமா பெஹன்ஜி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த மனிதரை நான் மதிப்பது இதற்காகத்தான்.

குறை என்றால் இரண்டு. தங்க எழுத்துப் பதிக்கத் தமிழ் அச்சு அவரிடம் இல்லை. முதுகில் ஆண்டை மட்டும் எண்ணில் போட்டார். சொன்ன தேதிக்கும் தரமாட்டார், இரண்டு முறை போன் செய்துதான் வாங்க வேண்டும்.

காலிகோ துணி முதுகு, ரெக்சின் அட்டை, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து ஒரு டைரிக்கு 900 ரூபாய் வாங்கினார். ரெக்சினுக்குப் பதில் காதித் துணி கேட்டால் போடுகிறார். நான் அதைக் கேட்டிருக்கலாம், கைக்கு இதமாக இருக்கும். டெல்லி கேட் மெட்ரோவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மழைக்காலத்தில் பசை உலர நாளாகிறது, அக்டோபருக்குப் பிறகு கொடுப்பது நல்லது.