மீற்றரில் வெட்டி விற்கும் பிரீதர் ஹோஸ்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

பெற்றோல் அடிக்கும்போது இரண்டு லீற்றருக்கு ஒருதரம் நொசில் 'டக்'கென்று நிற்கிறது. பம்ப் பிடிக்கிற தம்பி நொசிலைத் திருப்பிப் பார்க்கிறார், பாதி வெளியே இழுத்துப் பார்க்கிறார், கடைசியில் "அண்ணே, உங்கட டாங்கியிலதான் பிழை" என்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் ஹோன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இப்படிப்பட்ட வாகனத்துக்குப் பெரும்பாலும் வேண்டியது ஒன்றரை முழ ஹோஸ்தான். டாங்கிக்குள் இருக்கும் காற்றை, பெற்றோல் ஊற்றும் வாய்க்குழாயின் மேற்பக்கத்துக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய் அது. திருகோணமலை உதிரிப்பாகக் கடைகளில் பிரீதர் ஹோஸ் என்று கேட்டால் மூன்று விதமான சாமான் வரும். அதில் ஒன்றுதான் பெற்றோலுக்கு உரியது.

நொசிலின் நுனியருகே சின்னத் துளை ஒன்று உண்டு. பெற்றோல் ஓடும்போது அந்தத் துளையால் காற்று உள்ளே இழுபட்டுக்கொண்டே இருக்கும். பெற்றோல் மேலெழுந்து துளையை மூடினால், பிடிக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு இழுபட்டு விசையை விடுவிக்கும். டாங்கி நிறைந்ததா, குழாயில் முட்டி நிற்கிறதா என்பது நொசிலுக்குத் தெரியாது. பம்ப் நிமிடத்துக்கு 35, 40 லீற்றர் தள்ளினால், அதே வேகத்தில் அவ்வளவு காற்றும் வெளியேற வேண்டும். சீனக்குடாவில் நிற்கும் அந்த 99 பெரிய எண்ணெய்த் தாங்கிகளுக்கும் இதே விதிதான். காற்று வரும் வழி ஒடுங்கினால் பெற்றோல் வாய்க்குழாயிலேயே ஏறி நிற்கும்.

ஹோஸ் வாங்க முன் வேறு பெற்றோல் செட்டில் ஒருதரம் அடித்துப் பாருங்கள். அங்கே சரியாக இறங்கினால் பிழை முதல் நொசிலில். இரண்டு இடத்திலும் நின்றால், பிடியை முழுதாக அழுத்தாமல் மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். மெதுவாக அடித்தால் இறங்குகிறது, வேகமாக அடித்தால் நிற்கிறது என்றால் காற்றுவழி ஒடுங்கியிருக்கிறது, முழுதாக அடைபடவில்லை. மெதுவாக அடித்தும் முதல் லீற்றரிலேயே நின்றால் வாய்க்குழாயையே சந்தேகிக்க வேண்டும்.

இனி ஹோஸ்.

முதலாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ரியூப். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிப்பது. உள்ளே தெரிகிறதே என்று ஆட்களுக்கு அதில் ஒரு விருப்பம். பெற்றோல் அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் பொருளைக் கரைத்து எடுத்துவிடும். சில மாதத்தில் மஞ்சளித்து, விறைத்து, வளைவில் மடிந்து நிற்கும். பிறகு வெடிக்கும். இதை எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றுவது: எழுத்தில்லாத கறுப்பு ரப்பர் ஹோஸ், வெட்டுமுகத்தில் நூல் பின்னல் தெரியும். பார்வைக்கு நல்ல சாமான். ஆனால் இது பெரும்பாலும் ரேடியேட்டர்த் தண்ணீருக்கான ரப்பர். சூட்டைத் தாங்கும், தண்ணீரைத் தாங்கும், பெற்றோலைத் தாங்காது. பெற்றோல் பட்டால் ஊதும். வெளியே நூல் பின்னல் இறுக்கிப் பிடிப்பதால் ஊதல் உட்பக்கமாகவே வரும். கழற்றிய ஹோஸைப் பிளேட்டால் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: வெளித்தோல் புதுசு போலவே இருக்கும், நடுவில் 12 மி.மீ. இருந்த ஓட்டை பென்சில் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். மாற்றி ஓரிரு மாதத்தில் பழைய வருத்தம் திரும்பி வந்தால் கராஜ்காரர் டாங்கியை இறக்கச் சொல்வார். அதற்கு முன் இந்த வெட்டுமுகத்தைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது எரிபொருள் ஹோஸ். உடம்பிலேயே 'எஸ்ஏஈ ஜே30 ஆர்6' (SAE J30 R6) அல்லது 'ஆர்7' (R7) என்று தரக்குறி அச்சிட்டிருக்கும். பிரீதருக்கு இந்த இரண்டில் எதுவும் போதும். 'ஆர்9' என்பது இன்ஜெக்‌ஷன் பம்பின் அழுத்தத்துக்கானது, இந்த இடத்துக்குக் காசு வீண். விலை மற்ற இரண்டையும் விடக் கூடத்தான், என்றாலும் முழ அளவில் வாங்கும் சாமானில் மிச்சம் பிடிப்பது புத்தியல்ல. அச்சையும் நம்பாதவர்கள் இரண்டு அங்குலத் துண்டைப் போத்தலில் பெற்றோல் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, வேர்னியரால் முன்னும் பின்னும் அளக்கலாம். கையால் அழுத்தும்போது கொழகொழவென்று வந்தாலோ, பெற்றோல் கறுத்தாலோ அந்தச் சுருளில் வாங்கக்கூடாது.

மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கும் போட் எஞ்சின் ஹோஸையும் சிலர் போடுகிறார்கள். ரப்பர் சரி, துளை சரியில்லை. 12 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 8 மி.மீ. போட்டால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் குறைவு. கம்பனியின் வளைத்து வார்த்த ஹோஸ் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து எடுப்பிக்கலாம், பாவித்ததென்றால் நுனியை மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

நல்ல ஹோஸைப் பிழையாகப் போட்டும் காசைக் கரியாக்கலாம். டாங்கி காற்பங்குக்குக் கீழே இருக்கும்போது, வெளியில், பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஹோஸை நேராக்கி அளந்து, அதே நீளத்தில் வெட்ட வேண்டும். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று விட்டால் நடுவில் தொங்கும். தொங்கும் இடத்தில் பெற்றோல் தேங்கும், கைகழுவும் பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் தண்ணீர் நிற்பதுபோல. காற்றுக்கு அது தாழ்ப்பாள். டாங்கியிலிருந்து வாய் வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போகவேண்டும், எங்கும் இறங்கக்கூடாது. மீற்றர் ஹோஸ் நேரானது என்பதால் சடுதி வளைவில் நெளிந்து மடியும். அந்த இடத்தில் வெளியால் ஸ்பிரிங் சுற்றுவது மலிவான, நல்ல வேலை.

கிளிப் விடயத்தில் கடற்காற்றை மறக்கக்கூடாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் வாகனங்களில் பூச்சுக் கிளிப்புகள் வேகமாகத் துருப்பிடிக்கும். காந்தத்தை முதலில் திருகாணியில் வைத்துப் பாருங்கள். பட்டி ஸ்டெயின்லஸ், ஆணி வெறும் இரும்பு என்று வரும் கிளிப் நிறைய. துரு பிடிப்பது ஆணியில், பிறகு கழற்ற வாள் வேண்டும்.

ஹோஸைக் கழற்றிய கையோடு அது பொருந்தும் இரும்புக் குழலையும் பாருங்கள். பின்சக்கரத்துக்கு மேலே, சேறும் உப்பும் படியும் இடம் அது. துருச் செதில் உள்ளே வீங்கிக் குழலை அடைத்திருக்கும். டிரில் பிட்டில் கிரீஸ் பூசிக் கையால் சுழற்றினால் செதில் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். மெஷின் போடவேண்டாம். அடைப்பை ஊதி எடுக்கக் கொம்பிறெசரும் வேண்டாம், டாங்கி உப்பிவிடும். மூடியைத் திறந்துவிட்டுச் சைக்கிள் பம்பால் அடித்தாலே காற்று போகிறதா என்று தெரிந்துவிடும்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் நிற்கிறதென்றால் அடுத்தது கரிப்பெட்டி, அதாவது டாங்கியின் பெற்றோல் ஆவியைக் கரியில் பிடித்துவைக்கும் கனிஸ்டர். டாங்கியிலிருந்து அதற்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, வெளியிடத்தில் கானால் ஐந்து லீற்றர் ஊற்றுங்கள். தடையின்றி இறங்கினால் அடைப்பு கரிப்பெட்டியிலோ அதன் வால்விலோதான். நொசில் நின்ற பிறகும் காசை ரவுண்டாக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பதுதான் இதைக் கெடுக்கும் பழக்கம்: பெற்றோல் ஆவிக்கான வழியில் போய்க் கரியை நனைத்துவிடுகிறது. நெடுநாள் நிறுத்திய வாகனமென்றால் காற்றுத் துவாரத்தில் குளவி மண் வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், 2011இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50,000க்கு மேற்பட்ட மஸ்டா 6 கார்களைத் திருப்பி அழைத்ததற்குக் காரணம் அந்தக் குழாயில் வலை கட்டிய ஒரு மஞ்சள் சிலந்தி.

பட்டா, லொறி போன்ற டீசல் வாகனங்களில் நுரையும் நொசிலை நிறுத்தும். அதற்கு ஹோஸ் மருந்தல்ல, மெதுவாக அடித்தால் போதும். மோட்டார் சைக்கிளில் மூடித்துளை அடைபட்டால் எஞ்சின் பட்டினி கிடந்து நிற்கும், பெற்றோல் ஊற்றுவதில் கஷ்டம் வராது.

ஹோஸ் மாற்றிய அன்று பத்து லீற்றரை முழு வேகத்தில் அடியுங்கள். ஒருதரமும் நிற்காமல் இறங்கினால், அங்கேயே குனிந்து இரண்டு கிளிப்பிலும் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொருதரம் கால் சுற்று இறுக்குங்கள், புது ரப்பர் கிளிப்புக்குக் கீழே கொஞ்சம் அமுங்கியிருக்கும்.