செடி பெயர் சொல்லும் ஆப்: நாற்றுக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம்

செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் கட்டண ஆப் ஒன்றின் ஆண்டுச் சந்தாவை இப்போது பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். "நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே அக்கா, வாங்கலாமா?" என்று மாடித்தோட்டம் போடும் தோழி கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம். ஆப்பின் பெயர் இங்கே தேவையில்லை. அது என்னென்ன செய்யும் என்பது விளம்பரத்திலேயே இருக்கிறது, அதையும் விட்டுவிடுகிறேன்.

நான் வாங்கியது ஒரே ஒரு காரணத்துக்காக. என் தொட்டிகளுக்கு வீட்டுச் சமையல் கழிவு மக்கிய உரமும் வெளியில் வாங்கும் தொழுவுரமும்தான் போடுகிறேன். இந்த இரண்டையும் போடுகிறவர்களுக்குத் தெரியும், விதைத்தது ஒன்று, முளைப்பது பத்து. கழிவிலிருந்து தக்காளி, பூசணி, பப்பாளி வரும். தொழுவுரத்தோடு பார்த்தீனியம், குப்பைமேனி, ஊமத்தை வரும். மணத்தக்காளியைப் பறவைகளே கொண்டுவந்து போட்டுவிடும். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று முளைத்த முதல் வாரத்தில் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். வளர்ந்தபிறகு யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லிவிடலாமே!

அந்த முதல் வாரத்தில்தான் இந்த ஆப் காலை வாருகிறது. தெரியாது என்று அது சொல்வதே இல்லை. மண்ணிலிருந்து இப்போதுதான் தலைநீட்டிய இரண்டு இலையைப் படம் எடுத்தாலும் உடனே ஒரு பெயர், பக்கத்தில் பூத்துக் குலுங்கும் பெரிய செடியின் படம், அதன் கீழே பராமரிப்புக் குறிப்பு. குளிர்காலத்தில் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள் என்றுகூடச் சொல்லும். மே மாத மொட்டை மாடியில் நின்றுகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் வரும் அந்த இரண்டும் விதையிலைகள். விதைக்குள்ளேயே உருவாகி இருந்தவை. அவற்றில் செடியின் அடையாளம் அதிகம் இருக்காது. தக்காளி, மிளகாய், கத்தரி, மணத்தக்காளி, ஊமத்தை எல்லாமே ஒரே குடும்பம், விதையிலையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், அளவும் அகலமும் கொஞ்சம் மாறும். பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி என்றால் தடித்த முட்டை வடிவ இலை இரண்டு. இந்த ஆப்புகள் கற்றுக்கொள்வது மக்கள் எடுத்த படங்களிலிருந்து, மக்கள் எடுப்பதோ பூவையும் காயையும் வளர்ந்த இலையையும். முளையை யார் படம் எடுக்கிறார்கள்? அது சொல்லத் தடுமாறுவதில் எனக்குக் குறையே இல்லை. தடுமாறுவதை மறைத்துவிட்டு நிச்சயமாகச் சொல்வதுபோல் காட்டுகிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கத்தரி விதைத்திருந்த செடிப்பையில் ஒரு நாற்று மற்றதைவிட வேகமாக, பளபளப்பாக வந்தது. நாலு இலை வந்தபிறகும் ஆப் கத்தரி என்றே சொன்னது, அதுவும் உச்ச நம்பிக்கையோடு. எனக்கு ஒப்பவில்லை. கத்தரி இலையை விரலில் உருட்டினால் சொரசொரப்பாக இருக்கும், இலை முழுக்க நுண்ணிய முடி, அடிப்பக்கம் சற்று வெளிறிச் சாம்பல் பூத்தமாதிரி தெரியும். இந்த நாற்றின் இலை வழவழவென்று இருந்தது, கசக்கினால் குமட்டும் ஒரு நாற்றம். தனியாக ஒரு பையில் எடுத்து வைத்து, பிள்ளைகள் கைபடாத மூலையில் வளரவிட்டேன். பூத்தது வெள்ளைக் குழல் பூ, மேல்நோக்கி. பிறகு முள் உருண்டைக் காய். ஊமத்தை! அதே செடியைப் பூவோடு படம் எடுத்தபோது அதே ஆப் ஒரு நொடியில் ஊமத்தை என்று சரியாகச் சொன்னது. பூ வந்தபிறகு அதன் தயவு எதற்கு?

இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பாக்கெட்டில் விற்ற பிஞ்சு ஸ்பினாச் கீரையைச் சாப்பிட்ட பலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாதது எல்லாம் கண்ணில் தெரிந்து, கீரையைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வயலில் கலந்து முளைத்த ஊமத்தை இனக் களைதான் காரணம். நாமும் கீரையை இளசாகத்தான் பறிக்கிறோம், பிடிப்பிடியாகத்தான் அறுக்கிறோம். கீரைப் பாத்தியில் ஒரு முளைக்குத் தவறான பெயர் சொன்னால் அது நேராக வாணலிக்கு வரும்.

அடுத்தது கொடிகள். உரத்தொட்டி ஓரத்தில் தானாக முளைத்த ஒன்றுக்கு, எடுத்த கோணத்தைப் பொறுத்து ஒருமுறை பூசணி, ஒருமுறை வெள்ளரி, ஒருமுறை முலாம்பழம் என்று மாறி மாறிச் சொன்னது. கடைசியில் தீர்த்து வைத்தது இலைக்காம்புதான். காம்பு இலையோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் கடுகைவிடச் சின்னதாக இரண்டு சுரப்பிகள் துருத்திக்கொண்டு நின்றால் அது சுரை. பூசணியில் அது கிடையாது, இலையும் தொட்டால் குத்தும். சுரை இலை பட்டுப்போல இருக்கும். சாயங்காலம் வெள்ளைப் பூ விரிந்ததும் சந்தேகமே போய்விட்டது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தானாக முளைத்த சுரையின் காயை முதலில் ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்கள். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் வேகவைத்தாலும் போகாது. 2010-ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த அறிவியலாளர் ஒருவர் இறந்தே போனார்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஐந்தாறு இலை வந்த களைகளில் இந்த ஆப் எனக்குச் செய்த உதவி பெரிது. முன்பெல்லாம் குப்பை என்று பிடுங்கி எறிந்ததெல்லாம் இப்போது சமையலறைக்கு வருகிறது. மூக்கிரட்டையை எனக்கு அடையாளம் காட்டியது இதுதான். எதிரெதிரே இரண்டு இலை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது, திருப்பினால் அடிப்பக்கம் வெளுப்பு. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. குப்பைக்கீரை, பருப்புக்கீரை, கீழாநெல்லி என்று மாடியிலேயே இவ்வளவு இருப்பது தெரிந்தபோது வந்த சந்தோஷம் அந்தச் சந்தாவைவிடப் பெரிது, உண்மையாகவே சொல்கிறேன். பருப்புக்கீரையை மட்டும் பறிக்கும்முன் நகத்தால் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி மாதிரிப் பால்செடி ஏதோ ஒன்று, கீரையோடு சேர்க்காதீர்கள். பால் வருவதை எந்தப் படமும் காட்டாது.

ஆனால் இந்த அளவு உதவி காசில்லாமலேயே கிடைக்கிறது. பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பிளான்ட்நெட் இலவசம். படத்தில் இருப்பது இலையா, பூவா, காயா, பட்டையா என்று குறிக்கலாம், பல பெயர்களைச் சதவீதத்தோடு வரிசையாகக் காட்டும். பதினைந்து, பன்னிரண்டு, பத்து என்று சதவீதம் சிதறிக் கிடந்தால் அதற்கே தெரியவில்லை என்று நாம் புரிந்துகொள்ளலாம். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஐநேச்சுரலிஸ்டும் இலவசம்தான், அங்கே ஆட்கள் பார்த்துத் திருத்துவார்கள். நாம் விதைத்து வளர்ப்பதைவிடத் தானாக வந்த களைகளுக்கு அங்கே கவனம் அதிகம் கிடைக்கும்.

நாற்றுக்கு நான் இப்போது செய்வது வேறு. எதை விதைத்தாலும் அதே விதையில் நாலைந்தைக் குழித்தட்டில் சுத்தமான கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) தனியே போட்டுப் பெயர் எழுதி வைக்கிறேன். கோகோபீட்டில் வேறு எதுவும் முளைக்காது, அதனால் அங்கே வருவதுதான் அசல். பையில் சந்தேகமாக ஒன்று வந்தால் தட்டைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் போதும். பைக்குள்ளும் விதையைத் தூவாமல் வரிசையாக ஊன்றுகிறேன், வரிசைக்கு வெளியே வருவது விருந்தாளி. அப்புறம் விதையிலைக்குப் பிறகு வரும் உண்மை இலை இரண்டு ஜோடி வரும்வரை எதையும் பிடுங்குவதில்லை. ஆப்பில் கேட்பதாக இருந்தாலும் அதற்குப் பிறகுதான், ஓர் இலைக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. கோகோபீட்டும் பக்கத்துச் செடியும் படத்தில் கலந்தால் பதிலும் கலங்கிவிடும்.

ஆக, தோழிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், பாதி விலைக்கும் வேண்டாம். மூக்கிரட்டையைக் காட்டித் தந்த ஆப்பைப் பற்றி இப்படிச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் ஓடியாடும் மாடியில் ஊமத்தையைக் கத்தரி என்று சொன்னதை என்னால் கடந்துபோக முடியவில்லை. நான் இந்த வருடம் புதுப்பிக்கவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது நிறுத்த நினைத்தால், போனிலிருந்து ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடமும் பணம் எடுத்துவிடுவார்கள்.